நெய் எங்கே போயிற்று?



திருவண்ணாமலைப் பெரிய கோயில் மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மலையைச் சுற்றிவரும் பாதையின் நீளம் 14 கிலோமீட்டர். ஏறக்குறையப் பாதி வழி நடந்து மேற்குப் பக்கம் வந்தால் அடி அண்ணாமலை என்னும் ஊரை அடையலாம். ஆதி அருணாசலேசுவரர் கோயில் இங்கேதான் உள்ளது. கார்த்திகைத் தீபத்தின்போது இந்த வழியில் நடந்தவர்களுக்கு, நடந்த களைப்பைவிட அண்ணாந்து பார்த்த கழுத்துவலிதான் நினைவில் நிற்கும். 2,668 அடி உயர மலையின் உச்சியில் எரியும் சுடர் அப்படி நம் கண்ணை இழுத்து வைத்துக்கொள்ளும்.

தீபத்தன்று மாலை 6 மணிக்கு ஏற்றப்படும் அச்சுடர் 11 நாட்கள் எரிகிறது. உச்சியில் ஒரு பெரிய செப்புக் கொப்பரை. அதில் ஊற்ற 3,500 கிலோகிராம் நெய், திரிக்கு 1,000 மீட்டர் காடாத் துணி என்பது பல ஆண்டுகளாகச் செய்திகளில் வந்துள்ள அளவு. சில ஆண்டுகளில் இதற்கு மேலும் ஆகியிருக்கிறது. அத்தனை நெய்யையும் மனிதர்களே சுமந்து மலையேற்றுகிறார்கள்.

பதினோரு நாள் கழித்துக் கொப்பரை கீழே வருகிறது. அதில் ஒட்டியிருப்பது கொஞ்சம் கரி. நெய்யைக் காணோம்!

மூன்றரை டன் நெய் எங்கே போயிற்று?

“எரிந்துபோயிற்று” என்று உடனே சொல்வீர்கள். சரி. எரிந்து எங்கே போயிற்று? இங்கே தயங்குகிறவர்கள்தாம் தேர்வில் சமன்பாட்டை மனப்பாடமாக எழுதி, ஓர் எண் மறந்துபோனால் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். இந்த ஒரு கேள்விக்கு முழு விடை தெரிந்துவிட்டால் உங்கள் வேதியியல் பாடத்தின் அடித்தளமே கைக்கு வந்துவிடும். வாருங்கள், படிப்படியாகப் பார்ப்போம்.

உருகுவதும் எரிவதும்

கார்த்திகைக் குளிரில் நெய் உறைந்திருக்கும். சூடு பட்டதும் உருகும். மீண்டும் குளிர்ந்தால் உறையும். உறைந்தாலும் உருகினாலும் அது நெய்யே. புதுப் பொருள் எதுவும் உண்டாகவில்லை. இதுவே இயற்பியல் மாற்றம்.

சூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூடி சரியாகப் பொருந்தாத டப்பாவில் வைத்த சூடம் நாளுக்கு நாள் சிறுத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். திண்மமாக இருந்த சூடம் நீர்மமாகாமலே ஆவியாகிறது. இதற்குப் பதங்கமாதல் என்று பெயர். அந்த ஆவியைக் குளிரவைத்தால் மறுபடியும் சூடம் கிடைக்கும். ஆகவே இதுவும் இயற்பியல் மாற்றமே.

அதே சூடத்தைத் தட்டில் வைத்துக் கொளுத்துங்கள். இப்போது அதைத் திரும்பப் பெற வழியில்லை. சூடத்தின் மூலக்கூறுகள் உடைந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, வேறு பொருள்களாகிவிட்டன. இது வேதியியல் மாற்றம்.

திரியில் இந்த இரு மாற்றங்களும் அடுத்தடுத்து நிகழ்கின்றன. நெய் உருகுகிறது, துணியின் நுண்ணிய இழைகளின் இடையே மேலேறுகிறது, சுடரின் வெப்பத்தால் ஆவியாகிறது. இந்த ஆவிதான் தீப்பற்றி எரிகிறது. திரியில்லாமல் நெய்க்குடத்தருகே தீக்குச்சியைக் காட்டினால் நெய் எளிதில் பற்றுவதில்லை. மெழுகுவத்தியை ஊதி அணைத்தவுடன் எழும் வெண்புகையில் எரியும் குச்சியைக் காட்டினால், தீ புகை வழியே தாவிச் சென்று திரியைப் பற்றிக்கொள்ளும். ஒரு மெழுகுவத்தியையே பொருளாகக் கொண்டு 1860–61ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் விடுமுறையில் இலண்டனில் சிறுவர்களுக்குத் தொடர் சொற்பொழிவாற்றிய மைக்கேல் பாரடே இதைச் செய்து காட்டினார். எரிவது ஆவிதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தராசு சொன்ன உண்மை

எரியும் பொருளிலிருந்து ஏதோ ஒன்று வெளியேறிவிடுகிறது என்றுதான் பதினெட்டாம் நூற்றாண்டின் அறிஞர் பலர் நம்பினார்கள். அந்த ‘ஏதோ ஒன்று’க்குப் பிளாஜிஸ்டன் என்று பெயரும் வைத்தார்கள். விறகு எரிந்து ஒரு பிடி சாம்பலாவதைப் பார்க்கும்போது அது சரி என்றே தோன்றும். ஆனால் ஒரு சிக்கல் எழுந்தது. உலோகத்தைக் காற்றில் நன்றாகச் சூடாக்கினால் அதன் எடை குறைவதற்குப் பதிலாகக் கூடியது! ஒன்று வெளியேறியிருந்தால் எடை எப்படிக் கூடும்?

பிரெஞ்சு அறிஞர் லவாய்சியே தராசின் துணையை நாடினார். 1774ஆம் ஆண்டில், காற்றுப் புகாதபடி மூடிய கண்ணாடிக் கலத்தில் வெள்ளீயத்தைச் சூடாக்கினார். உலோகம் மாறியது. ஆனால் கலத்தைத் திறக்காமல் நிறுத்தபோது மொத்த எடை மாறவில்லை. திறந்ததும் வெளிக்காற்று உள்ளே பாய்ந்தது. உலோகத்தில் கூடிய எடை, உள்ளேயிருந்த காற்றில் குறைந்திருந்தது. ஆக, எரிதல் என்பது ஒரு பொருள் ஆக்சிஜனோடு சேர்வது. வேதிவினைக்கு முன்னும் பின்னும் மொத்த நிறை ஒன்றே. 1789ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் இதை அவர் தெளிவாக எழுதினார். இதையே நாம் பொருண்மை அழியா விதி என்று படிக்கிறோம்.

மலையுச்சிக் கொப்பரையே இதற்கு உதாரணம். செம்பைக் காற்றில் நன்கு சூடாக்கினால் அதன் மேற்பரப்பு கருக்கிறது. அது காப்பர் ஆக்சைடு. 127 கிராம் செம்பு முழுவதும் இவ்வாறு மாறினால் 32 கிராம் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு 159 கிராம் காப்பர் ஆக்சைடு ஆகும். இங்கே விளைபொருள் திண்மம், கண்ணெதிரே இருக்கிறது, எடை கூடியது தெரிகிறது. நெய் எரியும்போது விளைபவை வாயுக்கள், காற்றோடு போய்விடுகின்றன, எடை தொலைந்ததுபோல் தோன்றுகிறது. இரண்டிலும் விதி ஒன்றே.

நெய்யின் வரவு செலவு

இனிக் கணக்குக்கு வருவோம். பாடநூலில் சமன்பாடுகளைக் குறியீடுகளால் எழுதுகிறோம். இங்கே எண்கள் நன்றாகக் கண்ணில் படவேண்டும் என்பதற்காகப் பெயர்களாலேயே எழுதுகிறேன். குறியீடுகளில் மாற்றி எழுதிப் பார்ப்பது உங்கள் வேலை.

நெய் பல கொழுப்புகளின் கலவை. அவற்றில் அதிகமாகக் காணப்படும் கொழுப்பமிலங்களுள் ஒன்று பால்மிட்டிக் அமிலம். அது மட்டுமே சேர்ந்த கொழுப்புக்கு டிரைபால்மிட்டின் என்று பெயர். கணக்கு எளிதாக இருக்க, நெய் முழுவதும் இக்கொழுப்பே என்று வைத்துக்கொள்வோம். உண்மையான நெய்யில் விடை சற்று மாறும், முறை மாறாது.

இந்தக் கொழுப்பின் ஒரு மூலக்கூறில் 51 கார்பன் அணுக்கள், 98 ஹைட்ரஜன் அணுக்கள், 6 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. இது முழுமையாக எரிந்தால் கார்பன் எல்லாம் கார்பன் டை ஆக்சைடாகவும் (கரியமில வாயு), ஹைட்ரஜன் எல்லாம் நீராவியாகவும் மாறும்.

கொழுப்பு + ஆக்சிஜன் → கார்பன் டை ஆக்சைடு + நீர்

இப்போது ஒவ்வோர் அணுவையும் எண்ணுவோம்.

கார்பன்: இடப்பக்கம் 51. ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறில் ஒரு கார்பன். ஆகவே வலப்பக்கம் 51 கார்பன் டை ஆக்சைடு வேண்டும்.

ஹைட்ரஜன்: இடப்பக்கம் 98. ஒரு நீர் மூலக்கூறில் இரண்டு ஹைட்ரஜன். ஆகவே 49 நீர் வேண்டும்.

ஆக்சிஜன்: வலப்பக்கம் 51 × 2 = 102; அதோடு நீரிலுள்ள 49; மொத்தம் 151. கொழுப்பே 6 அணுக்களைக் கொண்டுவருகிறது. மீதி 145 அணுக்கள் காற்றிலிருந்து வரவேண்டும். காற்றில் ஆக்சிஜன் இரண்டிரண்டு அணுக்களாகச் சேர்ந்த மூலக்கூறாக உள்ளது. 145ஐ 2ஆல் வகுத்தால் 72½. அரை மூலக்கூறு வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கிவிடுங்கள்.

2 கொழுப்பு + 145 ஆக்சிஜன் → 102 கார்பன் டை ஆக்சைடு + 98 நீர்

சமன்படுத்துதல் இவ்வளவுதான். கடைக்காரர் இரவில் கணக்குப் புத்தகத்தை முடிக்கும்போது வரவும் செலவும் ஒத்துப்போக வேண்டும் அல்லவா? அதேபோல் இடப்பக்கம் வந்த ஒவ்வோர் அணுவுக்கும் வலப்பக்கம் கணக்குக் காட்டவேண்டும். 145 என்ற எண்ணை யாரும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எண்ணத் தெரிந்தால் அது தானே வரும்.

இங்கே மாணவர்கள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீராகும் வினையில் ஆக்சிஜன் சமமாக வரவில்லை என்று, நீரின் வாய்பாட்டில் ஆக்சிஜனுக்குக் கீழே 2 என்று எழுதிவிடுகிறார்கள். எண்ணிக்கை சமமாகிவிடும், ஆனால் பொருள் மாறிவிடும்! நீர் போய் ஹைட்ரஜன் பெராக்சைடு வந்துவிட்டது. புண்ணைக் கழுவப் பயன்படும் பொருள் அது; குடிக்கும் நீரன்று. வாய்பாட்டுக்கு முன்னால் எண்ணைப் போடலாம். வாய்பாட்டின் உள்ளே கைவைக்கக் கூடாது.

எண்ண முடியாததை நிறுத்து எண்ணுதல்

அணுக்களை எண்ணினோம். ஆனால் கொப்பரையில் ஊற்றியது கிலோ கணக்கில் நெய். மூலக்கூறிலிருந்து கிலோவுக்கு எப்படிப் போவது? இங்கேதான் மோல் வருகிறது. பலரைப் பயமுறுத்தும் சொல் இது, பயப்பட ஒன்றுமில்லை.

இரும்புக் கடையில் ஆணி வாங்கியிருக்கிறீர்களா? கடைக்காரர் ஆணிகளை ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை, நிறுத்துத் தருகிறார். ஓர் ஆணி 2 கிராம் என்று தெரிந்தால், ஒரு கிலோவில் 500 ஆணிகள் என்று நீங்களே சொல்லிவிடலாம். நிறுப்பதும் எண்ணுவதற்கு ஒரு வழியே.

அணுக்கள் மிகச் சிறியவை. ஆகவே அவற்றுக்கு ஒரு பெரிய ‘டஜன்’ தேவைப்பட்டது. 12 பொருள்கள் ஒரு டஜன் என்பதுபோல், 6.022 × 10²³ துகள்கள் ஒரு மோல். இதற்கு அவகாட்ரோ எண் என்று பெயர். சம வெப்பநிலையிலும் சம அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் உள்ளன என்று 1811ஆம் ஆண்டில் சொன்ன இத்தாலிய அறிஞரின் நினைவாக வைத்த பெயர் அது. 2019 மே 20 முதல், 6.02214076 × 10²³ துகள்கள் கொண்டதே ஒரு மோல் என்று உலக அளவில் வரையறுத்திருக்கிறார்கள்.

இந்த எண்ணின் வசதி என்ன? அணு நிறையைக் கிராமில் எழுதினால் அதுவே ஒரு மோலின் நிறை. கார்பனின் அணு நிறை 12. ஒரு மோல் கார்பன் 12 கிராம். நீரின் மூலக்கூறு நிறை 18. ஒரு மோல் நீர் 18 கிராம். ஒரு பெரிய வாய் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

அந்த எண் எவ்வளவு பெரியது? சூடத்தின் மூலக்கூறில் 10 கார்பன், 16 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். மூலக்கூறு நிறை 152. ஒரு கிராம் சூடத்தில் ஏறத்தாழ 4 × 10²¹ மூலக்கூறுகள் இருக்கும். பத்து லட்சம் பேர் மலையைச் சுற்றி அமர்ந்து, ஒவ்வொருவரும் விநாடிக்கு ஒரு மூலக்கூறு வீதம் இரவு பகலாக எண்ணினாலும், அந்த ஒரு கிராமை எண்ணி முடிக்கச் சுமார் 12½ கோடி ஆண்டுகள் ஆகும். அதை ஒரு தராசு நொடியில் எண்ணிவிடுகிறது. மோல் நமக்குச் செய்யும் உதவி அதுதான்.

மூன்றரை டன்னின் விடை

நம் கொழுப்பின் மூலக்கூறு நிறையைக் காண்போம்.

(51 × 12) + (98 × 1) + (6 × 16) = 612 + 98 + 96 = 806

சமன்பாட்டின்படி 2 மோல் கொழுப்பு, 145 மோல் ஆக்சிஜனோடு சேர்கிறது. கிராமில்:

கொழுப்பு: 2 × 806 = 1,612
ஆக்சிஜன்: 145 × 32 = 4,640
இடப்பக்க மொத்தம்: 6,252

கார்பன் டை ஆக்சைடு: 102 × 44 = 4,488
நீர்: 98 × 18 = 1,764
வலப்பக்க மொத்தம்: 6,252

பார்த்தீர்களா! அணுக்களை எண்ணிச் சமன்படுத்தினோம். நிறை தானாகவே சமமாகிவிட்டது. லவாய்சியேயின் தராசு கண்டதும் நம் சமன்பாடு காட்டுவதும் ஒரே உண்மையே.

இனி 3,500 கிலோகிராமுக்கு விகிதம் போடுங்கள். நெய் முழுமையாக எரிகிறது என்று கொண்டால், அது காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் ஏறத்தாழ 10,074 கிலோகிராம். விளையும் கார்பன் டை ஆக்சைடு 9,744 கிலோகிராம். நீர் 3,830 கிலோகிராம். இரு பக்கமும் கூட்டிப் பாருங்கள்: 13,574 கிலோகிராம். ஒரு கிராமும் தொலையவில்லை.

இந்த எண்களில் இரண்டு வியப்புகள் உள்ளன. மலைமேல் ஏறியது மூன்றரை டன். அங்கிருந்து காற்றில் கலந்ததோ பதின்மூன்றரை டன்! மீதிப் பத்து டன்னை யாரும் சுமக்கவில்லை. காற்றே கொண்டுவந்து கொடுத்தது. காற்றின் நிறையில் ஆக்சிஜன் 23 விழுக்காடு. ஆகவே சுமார் 44 டன் காற்றிலுள்ள ஆக்சிஜன் இதற்குச் செலவாகிறது.

மற்றொன்று, ஊற்றிய நெய்யைவிடக் கூடுதலான நீர் அந்தச் சுடரிலிருந்து வெளிவருகிறது. ஐம்பூதத் தலங்களில் நெருப்புக்கு உரியது திருவண்ணாமலை. அந்த நெருப்பு எரிய எரிய நீர் பிறக்கிறது என்றால் நம்ப முடிகிறதா? வேதியியல் தெரிந்தால் நம்பத்தான் வேண்டும். 3,830 கிலோகிராம் நீர் என்றால் 15 லிட்டர் குடங்களில் 255 குடம். ஆவியாகப் போவதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கரி எங்கிருந்து வந்தது?

கொப்பரையில் ஒட்டியிருந்த கரியை மறந்துவிடக் கூடாது. மார்கழியில் ஆருத்ரா தரிசனத்தை ஒட்டி இந்தக் கரியிலிருந்து செய்த தீப மையைப் பக்தர்களுக்கு வழங்குவது வழக்கம். முழுமையாக எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீரும்தானே வரவேண்டும்? மை எப்படி வந்தது?

சுடரின் வெளிப்புறத்தில் காற்று தாராளமாகக் கிடைக்கிறது, உட்புறத்தில் கிடைப்பதில்லை. அங்கே கொழுப்பின் ஆவி வெப்பத்தால் சிதைந்து நுண்ணிய கரித்துகள்கள் உண்டாகின்றன. வெப்பத்தில் அத்துகள்கள் பழுத்து ஒளிர்கின்றன. சுடரின் மஞ்சள் நிறம் அவற்றால் வருவதே. அடி அண்ணாமலையில் நின்று நாம் காணும் ஒளியின் பெரும்பகுதி, இன்னும் எரிந்து முடியாத கரியின் ஒளியாகும். அத்துகள்கள் சுடரின் ஓரத்தை அடைந்ததும் ஆக்சிஜனைப் பெற்று எரிந்துவிடும். அதற்கு முன் குளிர்ந்துவிட்டால் புகையாகப் போகும். அல்லது அருகிலுள்ள பொருளில் படியும். இதுவே முழுமையற்ற எரிதல்.

முழுமையற்ற எரிதலில் கரியோடு இன்னொரு பொருளும் உண்டாகலாம். அது கார்பன் மோனாக்சைடு.

2 கார்பன் + 1 ஆக்சிஜன் → 2 கார்பன் மோனாக்சைடு
24 கிராம் + 32 கிராம் → 56 கிராம்

இதைத் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள். இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் சேர்ந்துகொள்ளும். மலையூர்களில் குளிருக்கு அஞ்சிக் கதவு சன்னல்களை அடைத்து, அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் காலையில் எழாமலே போனதைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். மலையுச்சியில் திறந்த வெளி; காற்றுக்குப் பஞ்சமில்லை. மூடிய அறையில் அப்படியன்று. காற்றோட்டம் இல்லாத இடத்தில் கரியோ விறகோ எரிக்கக் கூடாது என்பதை வீட்டில் உள்ளவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்

நெய்யிலிருந்து நீரும் கரியமில வாயுவும் வருவதை உங்கள் வீட்டிலேயே காணலாம். பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

தேவையானவை: ஓர் அகல், திரி, சிறிது நெய், இரண்டு கண்ணாடித் தம்ளர்கள், வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு, ஒரு கரண்டி.

முதல் நாள் இரவே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து, அதில் கொஞ்சம் சுண்ணாம்பைக் கலக்கி மூடிவையுங்கள். காலையில் மேலே தெளிந்திருக்கும் நீரை மட்டும் மெதுவாக இறுத்துக்கொள்ளுங்கள். இதுவே சுண்ணாம்பு நீர். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

1. அகலை ஏற்றுங்கள். உலர்ந்த, குளிர்ந்த தம்ளரைத் துணியால் பிடித்துச் சுடருக்குச் சற்று மேலே சில விநாடிகள் கவிழ்த்துப் பிடியுங்கள். உட்புறம் பனி படர்ந்ததுபோல் மங்கும். அது நெய்யின் ஹைட்ரஜனிலிருந்து பிறந்த நீர்.

2. தம்ளரைக் கவிழ்த்தபடியே எடுத்து, வாயை ஒரு தட்டால் மூடி நிமிர்த்துங்கள். ஆறியபின் இரண்டு கரண்டி சுண்ணாம்பு நீரை விட்டு, மூடிக் குலுக்குங்கள். தெளிந்த நீர் பால்போல் வெளுக்கும். அது நெய்யின் கார்பனிலிருந்து வந்த கார்பன் டை ஆக்சைடின் வேலை.

3. சுடருக்கு மேல் பிடிக்காத மற்றொரு தம்ளரிலும் அதே அளவு சுண்ணாம்பு நீரை விட்டுக் குலுக்குங்கள். அது அப்படி வெளுக்காது. இந்த ஒப்பீடு இல்லாமல் சோதனை நிறைவு பெறாது.

4. கரண்டியின் பின்புறத்தைச் சுடருக்குள் ஒரு கணம் காட்டி எடுங்கள். கரி படிந்திருக்கும்.

பால்போல் வெளுத்ததன் காரணம் இது:

கால்சியம் ஹைட்ராக்சைடு + கார்பன் டை ஆக்சைடு → கால்சியம் கார்பனேட் + நீர்
74 + 44 = 100 + 18

இங்கும் கணக்கு ஒத்துப்போகிறது. நீரில் கரையாத கால்சியம் கார்பனேட் நுண்துகள்களாக மிதப்பதால் வெண்மை தெரிகிறது. சுவரில் பூசிய சுண்ணாம்பு நாளடைவில் இறுகுவதும் இதே வினையால்தான்.

போனதும் வந்ததும்

நெய் எங்கே போயிற்று என்று கேட்டோம். காற்றுக்குப் போயிற்று. கார்பன் ஒரு வாயுவாக, ஹைட்ரஜன் ஓர் ஆவியாக. இனிக் கேள்வியைத் திருப்பிப் போடுவோம். நெய் எங்கிருந்து வந்தது?

பாலிலிருந்து. பால், பசு தின்ற புல்லிலிருந்து. புல்லின் கார்பனோ காற்றிலிருந்த கார்பன் டை ஆக்சைடிலிருந்து. ஒளிச்சேர்க்கையின்போது சூரிய ஒளியின் துணையோடு கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் சேர்த்துப் புல் உணவு தயாரித்தது, ஆக்சிஜனை வெளிவிட்டது. சுடர் அதே வினையைத் திருப்பி நடத்துகிறது. புல் வாங்கியதைச் சுடர் காற்றுக்குத் திருப்பித் தருகிறது. அன்று சேமித்த சூரிய ஆற்றலை ஒளியாகவும் வெப்பமாகவும் நம்மிடம் தருகிறது.

பெட்ரோலும் நிலக்கரியும் எரியும்போதும் வேதிவினை இதே வகையானதுதான். ஆனால் அவற்றிலுள்ள கார்பன் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மண்ணுக்கடியில் இருந்தது. அது வெளிவரும்போது காற்றில் கார்பன் டை ஆக்சைடின் அளவு கூடுகிறது, பூமி சூடேறுகிறது. “எரிந்தது போயிற்று” என்று நினைப்பவருக்கு இந்தக் கவலை வராது. எதுவும் போய்விடவில்லை என்று அறிந்தவருக்குத்தான் அது எங்கே சேர்கிறது என்று கேட்கத் தோன்றும்.

அடுத்த கார்த்திகையில் அந்தச் சுடரைக் காணும்போது, அல்லது உங்கள் வீட்டு வாசலில் அகல் ஏற்றும்போது, இந்த வரவு செலவை ஒருமுறை மனத்தில் போட்டுப் பாருங்கள். தேர்வு அறையில் சமன்பாடு ஒன்று மறந்துபோனாலும், எண்ணிக் கண்டுபிடித்துவிடலாம் என்ற துணிவு வரும்.

பயிற்சி வினாக்கள்

1. இயற்பியல் மாற்றமா, வேதியியல் மாற்றமா? (அ) நெய் உறைதல் (ஆ) டப்பாவில் சூடம் குறைதல் (இ) சூடம் எரிதல் (ஈ) செம்புப் பாத்திரத்தில் பச்சை படிதல்.

2. சூடம் ஆக்சிஜனில் முழுமையாக எரியும் வினையைச் சமன்படுத்துக.

3. 15.2 கிராம் சூடம் எத்தனை மோல்? அது முழுமையாக எரிந்தால் கிடைக்கும் கார்பன் டை ஆக்சைடின் நிறை என்ன? திட்ட வெப்ப அழுத்த நிலையில் அதன் பருமன் என்ன?

4. அதே 15.2 கிராம் சூடம் எரியத் தேவையான ஆக்சிஜன், விளையும் நீர் ஆகியவற்றின் நிறைகளைக் கண்டு, பொருண்மை அழியா விதியைச் சரிபார்க்க.

5. “விறகு எரிந்து சாம்பலாகும்போது நிறை குறைகிறது, ஆகவே பொருண்மை அழியா விதி விறகுக்குப் பொருந்தாது.” இக்கூற்றின் பிழை யாது?

விடைகள்

1. (அ), (ஆ) இயற்பியல் மாற்றங்கள். (இ), (ஈ) வேதியியல் மாற்றங்கள்.

2. 2 சூடம் + 27 ஆக்சிஜன் → 20 கார்பன் டை ஆக்சைடு + 16 நீர்.

3. 15.2 ÷ 152 = 0.1 மோல். கார்பன் டை ஆக்சைடு 1 மோல், அதாவது 44 கிராம், பருமன் 22.4 லிட்டர்.

4. ஆக்சிஜன் 1.35 மோல் = 43.2 கிராம். நீர் 0.8 மோல் = 14.4 கிராம். 15.2 + 43.2 = 58.4, 44 + 14.4 = 58.4.

5. சாம்பலை மட்டும் நிறுத்தது பிழை. விறகோடு சேர்ந்த ஆக்சிஜனையும், வெளியேறிய வாயுக்களையும், புகையையும் சேர்த்துக் கணக்கிட்டால் இரு பக்கமும் சமமாகும்.

விடையை முதலில் பார்த்துவிட்டீர்களா? பரவாயில்லை. தாளை மூடிவைத்து, இரண்டாம் கணக்கை மட்டும் அணுக்களை எண்ணி நீங்களே போட்டுப் பாருங்கள். 27 தானாக வந்து நிற்கும்.